வாலை விடுங்கள், நெஞ்சைப் பாருங்கள்: கொங்கு நாட்டுத் தகைவிலான்கள்

நவம்பர் 16, 2024. உடுமலைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் தோட்டத்தை ஒட்டிப் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்கால் போகிறது. வாய்க்கால் பாலத்துக்கு அடியில் மண் கூடுகள் இருக்கின்றன. மாலையானால் மின்கம்பியில் தகைவிலான் (ஸ்வாலோ) பறவைகள் வரிசையாக வந்து உட்காருகின்றன. வால் பிளந்திருக்கிறது. எல்லாம் ஒரே இனம்தான், இவைதான் பாலத்தடியில் குடும்பம் நடத்துகின்றன என்று நினைக்கிறேன். வால் நீளமானது ஆண், குட்டையானது பெண் என்கிறார் என் மைத்துனர். சரிதானே?

நவம்பர் 16, இரவு

சரியில்லை. நவம்பரில் கம்பி நிறைய வரிசை கட்டுவது பெரும்பாலும் பார்ன் ஸ்வாலோ என்று பைனாகுலர்க்காரர்கள் சொல்லும் சாதாரணத் தகைவிலான். அது இமயமலையிலும் அதற்கு வடக்கே வெகுதூரம் வரையிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இங்கே வந்து சேரும். ஏப்ரல் வரை பூச்சி தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். கொங்கு நாட்டில் ஒரு மண்ணுருண்டையைக்கூட எடுத்து அது சுவரில் ஒட்டாது.

ஆகவே கம்பியில் இருப்பவர் வேறு, வீடு கட்டியவர் வேறு. கூட்டின் உருவத்தைச் சொல்லுங்கள். வாய் திறந்த கிண்ணமா, கழுத்து வைத்ததா? தனியாக இருக்கிறதா, கூட்டமாகவா?

நவம்பர் 17

மைத்துனருக்குத் தனியாக ஒரு பதில். ஆணுக்கு வாலின் வெளி இறகு சற்று நீளம் என்பது உண்மை. ஆனால் அது வடக்கே ஜோடி சேரும் காலத்துக்குப் பொருந்தும் பேச்சு. இந்தப் பறவை சிறகு இறகையும் வால் இறகையும் மாற்றிக்கொள்வதே நம் ஊரில் இருக்கும் மாதங்களில்தான். ஒன்றுக்கு வால் நீட்சி உதிர்ந்திருக்கும், இன்னொன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் முளைத்திருக்கும். போதாததற்கு, அந்த ஆண்டு பிறந்த இளசுகளும் குட்டை வாலுடன் கூடவே வந்திருக்கும். குளிர்காலத்தில் வாலை வைத்து ஆண் பெண் சொல்வதை விடுங்கள், இனத்தைச் சொல்வதே ஆபத்து.

தீபாவளிச் சீர் வாங்கிப் போன மைத்துனரிடம் இதைக் கொஞ்சம் பதமாகச் சொல்லவும்.

நவம்பர் 17, மாலை

“பிறகு எதைத்தான் பார்ப்பது?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

நெஞ்சைப் பாருங்கள். சாதாரணத் தகைவிலானுக்கு நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று, நெஞ்சின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். இளசுகளுக்குத் தொண்டை வெளிறியும் பட்டை பழுப்பேறியும் இருக்கும், ஆனால் பட்டை இருக்கும். இறகு உதிர்க்கும் காலத்திலும் அது மறையாது. நான் நம்புவது இதைத்தான்.

கம்பிவால் தகைவிலானுக்கு அந்தப் பட்டை கிடையாது. தொண்டை முதல் வாலடி வரை வெள்ளை, தலையில் செம்பழுப்புத் தொப்பி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரிலேயே கம்பி இருந்தாலும், வாலின் ஓரத்தில் கம்பிபோல் நீளும் இரண்டு இறகுகளும் அவ்வளவு மெல்லியவை. சற்றுத் தள்ளிப் பறந்தாலே கண்ணுக்குத் தெரியாது. மிச்ச வால் சதுரம். ஆகவே தூரத்தில் “வாலில் ஒன்றுமே இல்லாத தகைவிலான்” என்று நீங்கள் குறித்து வைப்பது கம்பிவாலாக இருக்கலாம். இது நம் ஊர்ப் பறவை, ஆண்டு முழுவதும் இருக்கும். தண்ணீரை விட்டு விலகாது. ஜோடியாகத்தான் பார்ப்பீர்கள், கூட்டம் சேர்க்காது. நொய்யல் தடுப்பணைகளில், வாய்க்கால் மதகுக் கம்பிகளில் ஆள் அருகில் போனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதன் அறிவியல் பெயர் ஹிருண்டோ ஸ்மித்தியை. அந்த ஸ்மித் பறவை ஆராய்ச்சியாளர் அல்ல, நார்வே நாட்டுத் தாவரவியலாளர். 1816-இல் காங்கோ ஆற்றுப் பயணத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். நம் வாய்க்கால் மதகில் உட்காரும் பறவைக்கு ஆப்பிரிக்காவில் இறந்தவர் பெயர் எப்படி வந்தது என்றால், அதே பறவை அங்கேயும் உண்டு.

நவம்பர் 21

உடுமலை வாசகர் படம் அனுப்பிவிட்டார். செல்பேசிப் படம்தான், ஆனால் கூடு தெளிவாகத் தெரிகிறது. பாலத்தின் உட்கூரையில், கூஜாவை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து ஒட்டியதைப் போல: உப்பிய வயிறு, அதிலிருந்து நீளும் குழாய், குழாய் முனையில் வாசல். கேள்வியே வேண்டாம், செம்பிட்டத் தகைவிலான் கட்டியது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மண்ணுருண்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. வயிற்றுப் பகுதி முழுக்கச் செம்மண், குழாய் மட்டும் கரிசல். கட்டி முடிப்பதற்குள் சேறு கிடைத்த இடம் மாறியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் முறை முடிந்து, பக்கத்துக் காட்டில் பாய்ச்சிய ஈரத்துக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

வாசலில் கோழி இறகுபோல ஏதோ ஒட்டியிருப்பதாகக் கேட்டிருந்தார். கட்டியவர்கள் காலி செய்த பிறகு நாட்டு உழவாரன் என்ற ஸ்விஃப்ட் பறவையோ சிட்டுக்குருவியோ உள்ளே புகுந்திருக்கும். காலி செய்யாமலே துரத்திவிட்டுப் புகுவதும் உண்டு. இறகும் வைக்கோலும் வாசலில் துருத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்று கொள்ளலாம்.

நவம்பர் 22

நேற்று எழுதாமல் விட்டது: செம்பிட்டத்தைப் பறக்கும்போது அடையாளம் காண்பது எப்படி. பிட்டம் செம்மை, பிடரியிலும் செம்பழுப்பு, அடிப்பகுதியில் மெல்லிய கோடுகள் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பயன்பட்டது வாலடி. வால் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கம் திடீரென்று கறுப்பாகிவிடும், மை தொட்டு எடுத்ததுபோல் எல்லை துல்லியமாக இருக்கும். தலைக்கு மேலே பறக்கும்போது பிட்டத்தைப் பார்க்க வழியில்லை, இதைப் பார்க்கலாம். சாதாரணத் தகைவிலானுக்கு அந்த இடம் வெளுப்பு.

பறக்கும் விதமும் வேறு. செம்பிட்டம் நிதானமானது, சிறகை விரித்தபடி நெடுநேரம் மிதக்கும். சாதாரணத் தகைவிலான் அவசரக்காரர், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நேர்கோட்டில் வந்து சட்டென்று ஒடித்துத் திரும்பும்.

வாய்க்கால் கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை: பாலத்தின் மேலே ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் முதுகும் பிட்டமும் தெரியும், கீழே கரையில் நின்றால் நெஞ்சும் வாலடியும் தெரியும். நகரத்து மைதானத்தில் நிற்பவருக்கு இந்த வசதி இல்லை. வாய்க்கால் பாசனம் பெற்ற நாம் இதையாவது அனுபவிக்க வேண்டாமா?

நவம்பர் 25

பெருந்துறையிலிருந்து ஒருவர்: கீழ்பவானி வாய்க்கால் பாலம், கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கின்றன, எண்ண முடியவில்லை, அதுவும் செம்பிட்டம்தானா?

அல்ல. செம்பிட்டம் இப்படி நெருங்கிக் கட்டாது. ஒரு கூட்டின் சுவரே பக்கத்துக் கூட்டுக்கும் சுவராகும்படி மொத்தமாகக் கட்டுவது கோட்டுத்தொண்டைத் தகைவிலான். தகைவிலான்களில் சிறியது, பார்க்க அழுக்கானது. தலை மங்கிய செம்பழுப்பு. தொண்டையிலும் நெஞ்சிலும் பழுப்புக் கோடுகள். வால் கிட்டத்தட்டச் சதுரம், நீட்சி எதுவும் கிடையாது. மேல்சிறகிலும் அவ்வளவாகப் பளபளப்பு இல்லை. படபடவென்று அடித்துக்கொண்டு பறப்பதால் சிலர் உழவாரன் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் இருநூறு கிலோமீட்டர் ஓடுகிறது. அதன்மேல் எத்தனை பாலம், எத்தனை மதகு! செங்குத்துக் கரைகளிலும் பாறைகளிலும் கூடு தொங்கவிட்ட ஒரு பறவைக்கு, வெயில் படாத கான்கிரீட் கூரையும் அடியிலேயே தண்ணீரும் சேறும் அமைந்தால் வேறென்ன வேண்டும்? நெல்லுக்கும் மஞ்சளுக்கும் என்று வெட்டிய வாய்க்காலில் இவர்களும் பங்கு வாங்கிவிட்டார்கள்.

டிசம்பர் 4

உழவாரனைத் தகைவிலானோடு சேர்த்துக் குழப்புவதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே வரியில் சொல்கிறேன்: கம்பியில் உட்கார்ந்தால் அது உழவாரன் இல்லை.

டிசம்பர் 4, சற்று நேரம் கழித்து

ஒரு வரி போதவில்லையாம்.

உழவாரனின் நான்கு கால்விரல்களும் முன்நோக்கியவை. சுவரைப் பற்றித் தொங்கலாம், கம்பியைப் பிடித்து உட்கார முடியாது. உறவுமுறையில் அது தேன்சிட்டுபோல அமெரிக்காவில் திரியும் ஹம்மிங் பறவைக்குப் பங்காளி. தகைவிலானோ பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. இருவரும் காற்றில் பூச்சி பிடிக்கும் ஒரே தொழிலுக்கு வந்ததால் ஒரே உருவம் வாய்த்திருக்கிறது. சிறகைப் பார்த்தால் புரியும்: உழவாரனுடையது அரிவாள் வளைவு, நடுவில் மூட்டு மடிவதே தெரியாது. தகைவிலான் இரண்டு சிறகடிப்புக்கு ஒருமுறை சிறகை மடித்து இழுத்துக்கொள்ளும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் பனை மரங்களைச் சுற்றி ஒல்லியாக, பழுப்பாக, வாலைக் குவித்து ஊசியாக்கிக்கொண்டு திரிவது பனை உழவாரன். ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஒட்டிக் கூடு வைக்கும். பனை போனால் அதுவும் போகும். வெள்ளைப் பிட்டத்தோடு கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கீச்சிடும் கூட்டம் நாட்டு உழவாரன்.

இன்னொரு போலி, ஆஷி உட்ஸ்வாலோ. கம்பியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக உட்காரும், காற்றில் பூச்சியும் பிடிக்கும். ஆனால் உடம்பு கனம், நிறம் சாம்பல், அலகு தடித்து நீலம் பூத்திருக்கும். பெயரில் ஸ்வாலோ இருப்பதால் தகைவிலான் ஆகிவிடாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தாராளமாக உண்டு.

டிசம்பர் 20

பொங்கலுக்குள் மழை ஒரு தரம் பெய்தால் ஈசல் கிளம்பும் மாலையில் வெளியே வந்து நில்லுங்கள். எல்லா இனமும் ஒரே இடத்தில் கிடைக்கும். அடையாளம் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. கொசு கடிக்கும்.

ஜனவரி 6, 2025

நூல் மூட்டை விஷயமாகப் பல்லடம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். லாரியில் அடிபட்ட தகைவிலான் ஒன்று ஓரத்தில் கிடந்தது, உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. பாவம்தான். ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு தினமும் வராது.

இருபது கிராம் இருக்கலாம், கையில் வைத்திருப்பதே தெரியவில்லை. நெஞ்சுப் பட்டை தூரத்தில் கறுப்பாகத் தெரியும். வெயிலில் சாய்த்தால் ஊதாவும் நீலமும் மாறி மாறி மின்னுகிறது. தொண்டைச் சிவப்பு பட்டைக்குள் ஓரிரு இறகு இறங்கி இருக்கிறது, எல்லை அவ்வளவு நேர்த்தி இல்லை. வாலை விரித்தேன். உள் இறகுகளில் வரிசையாக வெள்ளைப் புள்ளி. இடது வெளி இறகு நீண்டு கூர்ந்து முடிந்திருக்க, வலது அதில் பாதிகூட இல்லை. ஒடிந்ததோ என்று அடியைப் பார்த்தால், வெளிர்நீல உறைக்குள்ளிருந்து இறகு அப்போதுதான் வெளிவந்துகொண்டிருக்கிறது. உறையை நகத்தால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது.

நவம்பர் 17-இல் எழுதியதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஒரே பறவை, இடப்பக்கம் பார்த்தவர் ஆண் என்பார், வலப்பக்கம் பார்த்தவர் பெண் என்பார்.

ஜனவரி 18

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் பக்கத்துப் பட்டியல்கள் சிலவற்றைப் பார்த்தேன். திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் அந்தி நேரக் கூட்டம் முழுவதையும் ஒருவர் சாதாரணத் தகைவிலான் என்று ஒரே எண்ணில் அடைத்திருக்கிறார். 2024-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற தகுதி, பெற்ற குளம் அது, கொஞ்சம் மரியாதை காட்டலாம். கோரைக்கு மேலே இருட்டில் சுழலும் கூட்டத்தில் நெஞ்சு யாருக்குத் தெரிகிறது? தெரிந்ததை இனத்தின் பெயரில் போடுங்கள், தெரியாததைத் “தகைவிலான், இனம் தெரியவில்லை” என்று போடுங்கள். பட்டியலில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. அதை நிரப்புவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அந்த நண்பர் என்மேல் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை ஐயா, பெயரில்தான்.

பிப்ரவரி 10

வால்பாறை அக்கா கேட்டது நல்ல கேள்வி: “எங்கள் எஸ்டேட் பங்களாத் தாழ்வாரத்தில் விளக்குக்கு மேலே கிண்ணக் கூடு கட்டுவதும் தொண்டை சிவந்ததுதான். சாதாரணத் தகைவிலான் இங்கே கூடு கட்டாது என்றீர்களே?”

கட்டாதுதான். நீங்கள் பார்ப்பது மலைத் தகைவிலான். தொண்டையும் நெற்றியும் அதேபோல் சிவப்பு, ஆனால் கீழே பட்டை இல்லை. வயிறு அழுக்குச் சாம்பல், வால் குட்டை, நீட்சி எந்தப் பருவத்திலும் வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் வாழ்வது. தேயிலைத் தொழிற்சாலை, தாழ்வாரம் என்று மனிதர் கட்டிய கூரையைத் தேடி வரும். வால்பாறையிலும் குன்னூரிலும் குளிர்காலத்தில் இரண்டும் ஒரே கம்பியில் உட்காரும். அப்போதும் பார்க்க வேண்டியது நெஞ்சுதான்.

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பாறை முகப்புகளையும் பாருங்கள். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக, எந்த நிறமும் இல்லாமல் சுற்றுவது டஸ்கி கிராக் மார்ட்டின், இதுவும் தகைவிலான் குடும்பம்தான். திரும்பும்போது வாலை விரித்தால் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சிடும். இதைப் பார்க்க மலை ஏறத்தான் வேண்டும் என்றில்லை. சங்ககிரிக் கோட்டையிலும் உண்டு, பழைய கட்டடங்களின் சன்னல் மேல்தளத்திலும் கிண்ணக் கூடு வைக்கும். குளிர்காலத்தில் மட்டும் மலைக்கு வரும் யூரேசிய கிராக் மார்ட்டின் உருவில் சற்றுப் பெரிது, அடிப்பகுதி வெளிறியது. சிறகின் உட்புறத்தில் முன்பக்கமாகக் கறுப்புத் திட்டு தெரிந்தால் அதுதான். வெள்ளை வயிறும் வெள்ளைப் பிட்டமும் சேர்ந்திருந்தால் ஹவுஸ் மார்ட்டின். நாட்டு உழவாரனுக்கும் பிட்டம் வெள்ளைதான், ஆனால் வயிறு கறுப்பு. இவற்றை விவரிக்கத் தொடங்கினால் விடிந்துவிடும்.

மார்ச் 9

கோவையில் இலங்கைத் தகைவிலான் கண்டேன் என்று ஒருவர் அறிவித்திருக்கிறார். வாழ்த்துகள். அது இலங்கையை விட்டு வெளியே வராத பறவை.

படத்தைப் பார்த்தேன். செம்பிட்டம்தான், மாலை வெயில் அடிவயிற்றில் பட்டுச் சிவந்திருக்கிறது. கோடுகள் மெலிதாக இருப்பதால் “கோடே இல்லை” என்று துணிந்துவிட்டார். நம் ஊரிலேயே வாழும் செம்பிட்டத்துக்குக் கோடு இயல்பிலேயே மெலிது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் செம்பிட்டங்களுக்குத்தான் கோடு தடிமன். ஆகவே உங்கள் படத்திலிருந்து ஒன்று மட்டும் தெரிகிறது: அது வந்தேறி அல்ல, இந்த ஊர்க்காரர்.

ஏப்ரல் 13

சாதாரணத் தகைவிலான்கள் கிளம்பத் தொடங்கிவிட்டன. மிச்சமிருப்பவற்றுக்கு இப்போது வால் முழுதாக வளர்ந்து, நெஞ்சு பளபளத்து, புத்தகப் படம்போல் நிற்கின்றன. ஆறு மாதம் அரைகுறையாகக் காட்டிவிட்டு அழகான பிறகு ஊரைக் காலி செய்வது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

இனி கம்பியில் சேற்று வாயோடு உட்காருவது எதுவாக இருந்தாலும் உள்ளூர்ப் பறவை. ஜூனில் சாதாரணத் தகைவிலான் என்று யாராவது பதிவிட்டால் நெஞ்சுப் படம் கேட்பேன்.

ஏப்ரல் 27

ஒரு பாலத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கழியால் கூடுகளைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். கழுத்து மட்டும் உடைந்த கூட்டுக்குள் முட்டை கிடந்தது என்கிறார் படம் அனுப்பியவர். எந்த ஒப்பந்தக்காரர், எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம், சண்டை திசைமாறும். வேலை நடக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். என் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் கூடு கட்டியபோது அடியில் ஒரு பலகை அடித்தார்கள், எச்சம் ஆள்மேல் விழவில்லை, கூடும் இருந்தது. பாலத்தடியில் எச்சம் விழுவது வாய்க்காலில். தட்டிவிடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மேஸ்திரியிடம் செப்டம்பர் வரை பொறுக்கச் சொல்லிப் பாருங்கள். பாலத்தின் அடிப்பகுதியில் அடிக்கும் வெள்ளையை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் பாதிப்பேர் கேட்டுக்கொள்வார்கள், சுண்ணாம்பும் மிச்சம்.

மே 11

அமராவதி அணையில் தண்ணீர் இறங்கிய மணல் திட்டுக்கு மேலே கூட்டமாக, தகைவிலான்போல், ஆனால் வெளிர்சாம்பலாகப் பறப்பவை என்ன என்று கேட்டவருக்கு: சிறகின் உட்புறம் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சிட்டால் ஸ்மால் பிராடிங்கோல். தரையில் இறங்கிக் குட்டைக் காலால் ஓடும், மணலிலேயே முட்டை வைக்கும். உள்ளான், ஆள்காட்டி வகையறாவின் உறவு அது. நடக்கும் இடம் பார்த்து நடங்கள். முட்டை மணல் நிறம்தான். மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், தகைவிலான் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன்.